நீல் யங் தொகுப்பில் இல்லாத வருஷங்கள்

நீல் யங்கின் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ 2004இல் வந்தது. மொத்தம் 16 பாடல்கள். விற்பனை, வானொலி ஒலிபரப்பு, பதிவிறக்கக் கணக்கு பார்த்துப் பொறுக்கியவை. முதல் 14 பாட்டும் 1979க்குள் முடிஞ்சிடுது. அடுத்தது நேரா 1989. நடுவுல என்ன ஆச்சு?

1982இல் ‘டிரான்ஸ்’ ஆல்பத்தில் வோகோடர் வழியாகப் பாடினார். குரலை அலைவரிசைகளாகப் பிரித்து, அந்த ஏற்ற இறக்கத்தை சிந்தசைசர் ஒலியில் ஏற்றும் கருவி அது. சொற்கள் பாதி புரியாது. பேச முடியாத தன் மகனோடு பேச எடுத்த முயற்சி என்று பின்னாளில் அவரே விளக்கினார். கெஃபன் நிறுவனத்துக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. நீல் யங் மாதிரியே இல்லாத இசையைத் தருகிறார் என்று சொல்லி, 1983இல் நீல் யங் மீதே 33 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. (இப்படியும் ஒரு வழக்கு!) பிறகு சமரசமானது. ஆனா கெஃபன் காலத்துப் பாட்டு ஒன்றுகூட இந்த 16இல் இல்லை.