தாடி-மாடிக் கடை

கொங்கணக் கடற்கரையிலும் மும்பை, தாணே வட்டாரங்களிலும் பனங்கள்ளும் தென்னங்கள்ளும் விற்கும் உரிமம் பெற்ற கள்ளுக்கடை. மராத்தியில் தாட் என்பது பனை, மாட் என்பது தென்னை. அவற்றின் கள் முறையே தாடி, மாடி எனப்படும். பலகையில் 'தாடி-மாடி விக்ரி கேந்திர' என்று எழுதியிருப்பார்கள். மும்பைக்குப் புதிதாக வரும் தமிழர் முதற்சொல்லை முகத்து மயிராகவும் இரண்டாவதை மேல்தளமாகவும் எண்ணித் திகைப்பதுண்டு. கடைகள் தரைத்தளத்திலேயே இருக்கும்.

இக்கட்டுரை பெரும்பாலும் தாணே கழியின் மேல்கரையை, அதாவது முலுண்ட், பாண்டுப், தாணே பகுதியைப் பற்றியது. உல்லாஸ் ஆறு தாணேக்கு வடக்கே வந்து இரு கிளையாகப் பிரிகிறது; ஒன்று வசாய் பக்கம் போய்க் கடலில் கலக்க, மற்றது தெற்கே திரும்பி முலுண்டுக்குக் கிழக்கே கழியாக விரிகிறது. உப்பளங்களும் சதுப்பும் அவற்றைக் காக்கும் மண்கரைகளுமாகக் கிடந்த நிலம் அது. கழியை மராத்தியர் 'காடி' என்பர். கள் அளவுக்கு மீறிப் புளித்தால் ஆவதும் தமிழில் காடிதான்.

மரவகை

கள் என்று பொதுவாகச் சொன்னாலும் இப்பகுதியில் நான்கு மரங்களிலிருந்து அது இறக்கப்பட்டது. முதலாவது பனை. போர்த்துக்கீசியர் இதைக் காட்டுமரம் என்ற பொருளில் 'பிராபோ' என்று அழைத்தனர். ஆங்கிலேயர் வாயில் அது 'பிராப்' ஆகி, 1949ஆம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் சொல்விளக்கப் பகுதி வரை வந்து சேர்ந்தது. இரண்டாவது தென்னை. மாஹிம் தோப்புகள் இதற்குப் பேர்போனவை. அத்தோப்புகளை 'ஓர்ட்' என்ற திரிந்த போர்த்துக்கீசியச் சொல்லால் பழைய பம்பாய் ஆவணங்கள் குறிக்கும். மூன்றாவது ஈச்சு; இதன் கள் 'ஷிந்தி'. தக்காணத்து மேட்டு நிலங்களில் மிகுதி. நான்காவது கூந்தல்பனை. மராத்தியில் பேர்லி மாட், இலங்கையில் கித்துள். இதன் கள் மற்றவற்றைவிட இனிப்பானது.

தாடி என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'டாடி' ஆயிற்று. அதன் மூலம் வடமொழித் 'தால' என்று அகராதிகள் எழுதுகின்றன. பனைக்குத் தெலுங்கில் 'தாடி', கன்னடத்தில் 'தாழெ' என வழங்குவதைப் பார்க்கும்போது திராவிட வேரே பொருத்தமாகத் தோன்றுகிறது.

மும்பை ஊர்ப்பெயர்களிலும் பனை நிற்கிறது. தாட்தேவ், மஜ்காவ் தாட்வாடி ஆகிய இரண்டும் பனையடிப் பெயர்கள்.

பழைய சான்றுகள்

இக்கரையின் கள்ளைப் பற்றிய நல்ல சான்று ஒரு கிறித்தவத் துறவியிடமிருந்து கிடைக்கிறது. ஜோர்டானுஸ் என்னும் தோமினிக்க சபையினர் 1321இல் தாணேக்கு வந்தார். உடன் வந்த பிரான்சிஸ்க சபையினர் நால்வர் அங்கே கொல்லப்பட்டனர்; இவர் அப்போது வெளியூரில் இருந்ததால் தப்பினார். பின்னாளில் கொல்லத்தின் ஆயராக அமர்த்தப்பட்ட இவர் தாம் கண்ட விந்தைகளை இலத்தீனில் எழுதிவைத்தார். அந்நூலில் தென்னையை விவரித்தபின், ஆண்டு முழுதும் வெண்மையான இனிய நீரைத் தரும் 'தாரி' என்ற மரத்தையும், அதனினும் சிறந்த நீரைத் தரும் 'பெல்லூரி' என்ற மரத்தையும் குறிப்பிடுகிறார். தாரி பனை என்பது தெளிவு. பெல்லூரி மேலே சொன்ன பேர்லி மாட், அதாவது கூந்தல்பனை. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வெளிநாட்டார் மரவாரியாகக் கள்ளைத் தரம்பிரித்திருப்பது வியப்புக்குரியது. நம் புலவர்கள் தேறல், நறவு, தோப்பி என்று வகைபிரித்ததற்கு இது பல நூற்றாண்டு பிந்தியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தவர் கார்சியா த ஓர்த்தா. கோவாவில் வாழ்ந்த இப்போர்த்துக்கீசிய மருத்துவருக்குப் பம்பாய்த் தீவு குத்தகையாகக் கிடைத்திருந்தது. 1563இல் கோவாவில் அச்சான தம் மருந்துநூலில் தென்னைக்கு ஒரு முழு உரையாடலை ஒதுக்கி, கள்ளுக்குச் 'சுரா' என்ற பெயரையும் அதை வடித்துச் சாராயம் எடுக்கும் முறையையும் தருகிறார்.

கள் இறக்கும் தொழில் பண்டாரி சமூகத்தாருடையது. மது வடிப்போரைக் குறிக்கும் 'மந்தாரக்' என்ற சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது என்பர் சிலர். பண்டாரம், அதாவது கருவூலம் காத்தவர் என்பதே ஏற்கத்தக்கது. மரமேறிகள் எனினும் போர்ப்பழக்கம் உள்ளவர்கள். பம்பாய் ஆளுநர் ஜெரால்டு ஆங்கியர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்த காவற்படை பெரிதும் இவர்களைக் கொண்டது; மும்பைக் காவல்துறையின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்குவது வழக்கம். நம் பக்கத்துச் சான்றோர் (நாடார்) வரலாற்றோடு ஒப்பிட்டு ஆராயத்தக்க பொருள் இது.

முலுண்டை அடுத்த பாண்டுப்பில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூக் ஆஷ்பர்னர் என்ற ஆங்கிலேயர் ரம் வடிசாலை வைத்திருந்தார். பிறகு அது பார்சி குடும்பம் ஒன்றின் கைக்குப் போயிற்று.

கடையின் அமைப்பு

கள்ளுக்கடையின் இருப்பிடத்தை முடிவு செய்தது கடிகாரம். பாளையைக் கட்டி, இடுக்கியால் நசுக்கி, நாள்தோறும் நுனி சீவிக் கலயத்தில் வடியவிடும் நீர், கலயத்தில் இருக்கும்போதே காற்றிலும் கலயச் சுவரிலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்களால் புளிக்கத் தொடங்குகிறது. உட்புறம் சுண்ணாம்பு தடவினால் புளிப்பு நின்று பதநீராகும்; மராத்தியில் அது நீரா. தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு மதுச்சத்து ஏறும். மறுநாள் குடிக்க ஒவ்வாது. ஆகவே கடை மரத்துக்கு அருகில் இருந்தாக வேண்டும். பனையும் ஈச்சும் நின்ற கழிக்கரையும் வரப்பும் படகுத்துறையும் அதற்கு ஏற்ற இடங்களாயின.

ஆற்றங்கரை மதுவிடுதி என்றதும் இங்கிலாந்தை நினைப்பவர் உண்டு. ஆக்ஸ்போர்டுக்கு அருகே தேம்ஸ் கரையில் உள்ள டிரவுட் விடுதியின் கட்டடம் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பீர் பீப்பாயில் பல நாள் தாங்கும் சரக்கு. அதற்குக் குளிர்ந்த நிலவறையும் கல்சுவரும் தேவை, அதனால் கட்டடம் நிலைத்தது. ஒரே நாளில் விற்றுத் தீரவேண்டிய கள்ளுக்கு ஓலைக்கொட்டகை போதும். எனவே தாடி-மாடிக் கடைக்குப் பழைமை உண்டு, பழைய கட்டடம் இல்லை. தொல்பொருள் துறை பலகை நடுவதற்கு இங்கே சுவர் கிடையாது.

உள்ளே நீள விசுப்பலகைகள், கண்ணாடித் தம்ளர், ஈ மொய்க்கும் வாளி. தொட்டுக்கொள்வதைச் 'சக்னா' என்பர்: சுண்டல், அவித்த முட்டை, வறுத்த கருவாடு. கோலி மீனவரும் ஆக்ரி மக்களும் வாழும் கரையாதலால் கருவாட்டில் குறையிராது.

சட்டமும் மதுவிலக்கும்

1878ஆம் ஆண்டு பம்பாய் ஆப்காரிச் சட்டம் (மதுவரிச் சட்டம்; அவ்வாண்டின் 5ஆம் சட்டம்) இத்தொழிலைத் தலைகீழாக்கியது. மரம் சீவ உரிமம், மரத்துக்கு மரம் வரி என்று வந்தது. உரிமம் பெற்றவர் மரத்தின் அடியிலேயே விற்கும் மரத்தடிக் கடைகளும் இருந்தன. 1892இல், சாராயம் வடிக்கப் பயன்பட்ட இலுப்பைப்பூவுக்கும் தனிச் சட்டம் வந்தது. ஏழைகளின் கள்ளை விலையேற்றி, உரண் என்ற ஊரின் வடிசாலைகளில் எடுத்த சாராயத்தை நோக்கி அவர்களைத் தள்ளியதே இச்சட்டங்களின் விளைவு. வருவாயே நோக்கம், ஒழுக்கம் வெறும் சாக்கு.

இராஜாஜி 1937 அக்டோபர் 1இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பம்பாய் நகரில் 1939 ஆகஸ்டு 1இல் அது வந்தது. பொறுப்பேற்ற அமைச்சர் டாக்டர் கில்டர். சில மாதங்களில் அமைச்சரவை விலகியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1950 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு நடப்புக்கு வந்தபோது கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. கள்ளச்சாராயம் பெருகியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல்பதனிடும் வேலைக்கு வந்த தமிழர் நிறைந்த தாராவியின் சதுப்பு ஓரங்களில் அடுப்புகள் எரிந்தன. நிழலுலகத் தலைவர் வரதராஜ முதலியாரின் பெயர் இத்தொழிலோடு சேர்ந்தே பேசப்படுகிறது. பின்னர் விலக்கு தளர்ந்து கள் மீண்டும் உரிமத்தின்கீழ் வந்தது. அதே காலத்தில் காந்தியவாதி கஜானன் நாயக் போன்றோரின் முயற்சியால் பரவிய நீரா, புறநகர் ரயில் நிலையங்களில் தனிக்கடைகளைப் பெற்றது.

தமிழ்நாட்டில் 1987 சனவரி 1 முதல் கள் விற்பனை இல்லை. ஆகவே மும்பைத் தமிழர் சட்டத்துக்கு உட்பட்டு அருந்தும் கள்ளை, அவரது சொந்த ஊர் உறவினர் அருந்த வேண்டுமானால் கேரளத்துக்கோ புதுச்சேரிக்கோ போகவேண்டியிருக்கிறது.

இன்றைய நிலை

மரங்கள் குறைந்து, முலுண்ட் 1957இல் பெருநகர எல்லைக்குள் வந்தபின் கரைநிலம் வீடுகளாகி, கடைகளும் அருகிவிட்டன. தாணே கழி 2015இல் பூநாரைச் சரணாலயமாகவும் 2022இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மரக்கள்ளுக்குப் பதிலாகக் குளோரல் ஹைட்ரேட் கலந்த நீரை விற்பதாகக் கலால் துறை வழக்குகள் பதிவாவதுண்டு. 2004இல் விக்ரோலியிலும் 2015இல் மால்வணியிலும் பலரைக் கொன்றது கள்ளச்சாராயமே, கள் அன்று. கடையைக் காணச் செல்வோர் காலையிலேயே செல்க. நண்பகலுக்குமேல் தம்ளரில் வருவது நன்றாகப் புளித்தது.