காற்றாலையில் வளர்ந்த கணிதம்

பொறியியற் கல்லூரியில் பயிலும் நம் சமுதாய இளைஞர்கள் விடுமுறையில் ஊர் திரும்பும்போது நம்மிடம் கூறுவது ஒன்றுண்டு: "ஐயா, மற்றப் பாடங்களைப் படித்துவிடுகிறோம், கணிதந்தான் அச்சமூட்டுகிறது." அக்கணிதப் பாடத்தில் 'கிரீன் தேற்றம்' என்றொரு பகுதி வரும். அப்பெயருக்குரியவரின் வரலாற்றை அறிந்தால் அவ்வச்சம் பாதி நீங்கும்.

ஜார்ஜ் கிரீன் 1793-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் ரொட்டிக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பள்ளியில் பயின்றது ஏறத்தாழ ஓராண்டே. பின்னர்த் தந்தையின் கடையிலும், மாவரைக்கும் காற்றாலையிலும் உழைத்தார். 1823-இல் அவ்வூர்ச் சந்தா நூலகத்தில் உறுப்பினரானார். ஐந்தே ஆண்டுகளில், 1828-இல், மின்சாரம், காந்தம் ஆகியவற்றின் கோட்பாடுகளுக்குக் கணிதத்தைப் பயன்படுத்தும் முறை பற்றி நூலொன்று வெளியிட்டார். முன்பணம் தந்து ஆதரித்தோர் 51 பேர். அவருள் எத்தனை பேருக்கு அது விளங்கியிருக்கும் என்பது ஐயமே. ஆயினும் அவர்தம் ஆதரவால் நூல் அச்சேறியது.

அம்முறையின் சாரம் எளிது. ஒரு பரப்பினுள் நிகழ்வதற்கும் அதன் எல்லையில் நிகழ்வதற்கும் உள்ள உறவை அது காட்டுகிறது. வயலுக்குள் இறங்காமல், வரப்பைச் சுற்றி அளந்தே பரப்பைக் கூறும் கணக்கும் அதனுள் அடங்கும். வயலையும் வரப்பையும் நம்மைவிட நன்கறிந்தவர் யார்?

1833-இல், தம் 40-ஆம் வயதில், கிரீன் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1837-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1841-இல் மறைந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் 1845-இல் அந்நூலைத் தேடிப் பெற்றுப் பரப்பிய பின்னரே அறிஞர் உலகம் அதன் அருமையை உணர்ந்தது. இன்று மின்னியல் முதல் அணு இயற்பியல் வரை அவர் முறை பயன்படுகிறது.

கிரீனைச் சாதி தடுக்கவில்லை. அவர் தந்தை ஓரளவு வசதியும் பெற்றிருந்தார். நம் முன்னோர்க்கோ பள்ளி வாயிலே அடைக்கப்பட்டிருந்தது. எனவே அவர் வாழ்வும் நம் வாழ்வும் ஒன்றெனக் கூறோம். ஆனால், உயர்கணிதம் பிறவியால் வருவதன்று. நூலும் உழைப்பும் ஓய்ந்த வேளையும் கூடினால் எவர்க்கும் வசப்படும் என்பதற்கு அவர் சான்று.

வெள்ளி விழாக் காணும் நம் கழகம் உயர்கணித நூல்களுக்கென ஓர் அலமாரி அமைக்க வேண்டும். பட்டம் பெற்றோர் வாரம் ஒரு மாலை அங்கமர்ந்து இளையோர்க்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டும். மாணவ மாணவியரே, கணக்கை நாள்தோறும் கையால் போட்டுப் பழகுங்கள். உறுப்பினர்களே, நமக்குப் புரியாத நூலாயினும் நம் பிள்ளைக்கு வாங்கித் தருவோம். அந்த 51 பேர் செய்ததும் அதுவே.