தவள மணியும் பெரட்டுத் தப்பும்: ஊவா மலைச்சரிவில் ஓசையும் உழைப்பும்

இல்ல விளையாட்டுப் போட்டிக்கான அணிநடை ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. இடையில் பெரிய ட்ரம்மின் தோல் கிழிந்துவிட்டது. அதுவரை ஒரே காலடியாக விழுந்துகொண்டிருந்த பிள்ளைகளின் வரிசை பத்து நிமிடத்தில் கலைந்து போனது. "சேர், ட்ரம் இல்லாம ஏலாது, காலு கனக்குது" என்றான் ஒரு மாணவன். அதே பிள்ளைகள், அதே மைதானம், அதே வெயில். ஓசை ஒன்றுதான் நின்றது. அது நின்றதும் கால் ஏன் கனக்க வேண்டும்?

இந்தக் கேள்வியோடு ஊவாவின் பழைய பாதைகளைத் திரும்பிப் பார்த்தால், எமது சமூகத்தின் வரலாறும் அங்கே சேர்ந்தே கிடக்கிறது.

வண்டிப் பாதைகளும் ரயிலும் வருவதற்கு முன்னர் இந்த மலைகளுக்கு உப்பும் கருவாடும் புடைவையும் தவள மாடுகளின் முதுகில்தான் ஏறி வந்தன. கண்டி இராச்சியத்தில் இந்தப் போக்குவரத்தைக் கவனித்த பிரிவுக்கு மடிகே என்று பெயர். அதில் பெரும்பாலும் பணிபுரிந்தவர்கள் முஸ்லிம்கள். 1817 இல் வெல்லஸ்ஸவில் ஆங்கிலேயர் ஹாஜி மரிக்கார் என்பவரை மடிகே முஹாந்திரமாக நியமித்ததும், அவர் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டதும் ஊவாக் கிளர்ச்சியின் தொடக்க நிகழ்வுகளில் இடம்பெறுகின்றன. தவளம் சாய்ப்பது அந்த அளவுக்கு அதிகாரமும் வருமானமும் உள்ள தொழிலாக இருந்தது.

அந்தத் தவளத்தில் முன்னே போகும் மாட்டின் கழுத்தில் மணி கட்டுவார்கள். பின்னால் வரும் மாடுகள் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு நடக்கும். மாட்டுக்கு மட்டுமா? கூட நடக்கும் மனிதனின் காலுக்கும் அதுவே தாளம். பெரியவர்கள் இந்தத் தவளக் கதைகளைச் சொல்லும்போது மணி இல்லாமல் கதை நகர்வதில்லை.

பாதைகள் வெட்டப்பட்டபின் மாட்டு வண்டி வந்தது. சிங்கள வண்டிக்காரர் பாடல்களில் மிகவும் பெயர்பெற்ற ஒன்றில் ஹப்புத்தளை மலை பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. அந்த ஏற்றத்தைக் கண்டு சோரும் மாட்டை நோக்கி, உன் கஷ்டம் எனக்கும் உண்டு என்ற பாவனையில் வண்டிக்காரன் பாடுகிறான். 1924 இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. வண்டிகள் குறைந்தன. பாடல் மட்டும் மிஞ்சியது.

உழைப்போடும் விளையாட்டோடும் பாட்டைச் சேர்ப்பது தமிழுக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் உழவர் பாடும் ஏர்மங்கலம் வருகிறது. பந்தடிப்போர் பாடும் கந்துகவரியும், நெல் குற்றுவோர் பாடும் வள்ளைப்பாட்டும் வருகின்றன. பந்தாடும் உடலும் உலக்கை போடும் கையும் பாட்டோடு இயங்கியதை இளங்கோவடிகள் பதிவு செய்திருக்கிறார். இன்று உடற்பயிற்சிக்கு இசை என்று நாம் பேசுவதன் மூத்த உறவு இது.

இஸ்லாமிய மரபிலும் இதற்குத் தெளிவான சான்றுகள் உண்டு. ஹிஜ்ரி 5 ஆம் ஆண்டு மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டியபோது, பசியோடும் குளிரோடும் மண் சுமந்த தோழர்கள் கவியடிகள் சொல்லிக்கொண்டே வேலை செய்தார்கள். நபி (ஸல்) அவர்களும் மண் சுமந்தபடி அவர்களோடு சேர்ந்து சொன்னார்கள். ஒட்டகத்தை நடத்தும் பாட்டுக்கு அரபியில் ஹுதா என்று பெயர். அன்ஜஷா என்ற ஹுதாப் பாடகர் பாடியபோது ஒட்டகங்கள் விரைந்தன. ஒட்டகங்களின் மேல் பெண்கள் இருந்தார்கள். மெதுவாகப் போகும்படியும், கண்ணாடிப் பாத்திரங்களை நினைவில் கொள்ளும்படியும் நபியவர்கள் அவருக்குச் சொன்னதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. பாட்டு உடலை விரட்டும் என்பதும், விரட்டுவதற்கு அளவு வேண்டும் என்பதும் அந்த ஒரே அறிவுரையில் இருக்கின்றன.

1111 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தமது 'இஹ்யா'வில் இன்னொரு சம்பவத்தைத் தருகிறார். பாலைவனக் கூடாரமொன்றில் விருந்தாளி ஒருவர் விலங்கிடப்பட்ட அடிமையைக் காண்கிறார். வாசலில் ஒட்டகங்கள் செத்துக் கிடக்கின்றன. காரணம் கேட்கிறார். அந்த அடிமைக்கு அபாரமான குரல். பாரம் ஏற்றிய ஒட்டகங்களை அவன் பாடியே ஓட்டி, மூன்று நாள் வழியை ஒரே இரவில் கடக்க வைத்தான். பாரத்தை இறக்கியதும் அவை விழுந்து இறந்தன. இசைக்கு உயிர்களை ஆட்கொள்ளும் வலிமை உண்டென்று காட்டவே இமாம் இதைச் சொன்னார். எனக்கோ இதைப் படிக்கும்போதெல்லாம் நம்முடைய தோட்டங்கள்தான் கண்முன்னே வரும்.

1869 இல் பரவத் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. 1890 இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். லயத்து வாழ்க்கையில் விடியலை அறிவித்தது சேவலல்ல, தப்பு. இருட்டோடு தப்பு அடித்தால் எழுந்து பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைய பேர் இல்லை, கூலியும் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் எழுத்தில் அந்த விடியற்காலைத் தப்பொலி அழியாமல் நிற்கிறது. மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்து நூலாக நமக்கு விட்டுச் சென்றவரும் அவரே.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். நாற்று நடுவதும் நெல் குற்றுவதும் பலர் ஒத்து அசையும் வேலைகள். அங்கே பாட்டு கைகளை இணைக்கிறது. கொழுந்து பறிப்பது அப்படியல்ல. ஒவ்வொருத்தியும் தன் நிரையில், தன் வேகத்தில், தன் கூடைக்காகப் பறிக்கிறாள். அங்கே பாட்டு மனதைத்தான் தாங்குகிறது. கையைச் செலுத்துவது கொழுந்தின் நிறையும் கங்காணியின் குரலும்.

என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் பாட்டி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தப்பைப் பற்றிக் கேட்டேன். "காலையில தப்பு அடிச்சா வயித்துல புளியக் கரைக்குங்க. காமன் கூத்துல அதே தப்ப அடிச்சா விடிய விடிய ஆடுவோம், காலு வலிக்காது" என்றார். அதே தோல்தான், அதே குச்சிதான். யாருக்காக அடிக்கப்படுகிறது என்பதில்தான் மாற்றம்.

இக்கால ஆய்வுகளும் இந்தப் பாதையில்தான் வருகின்றன. 1911 இல் அமெரிக்கரான லியனாட் அயர்ஸ் ஆறு நாள் சைக்கிளோட்டப் போட்டியைப் பற்றி எழுதினார். பேண்ட் வாசித்தபோது ஓட்டக்காரர்கள் மணிக்கு 19.6 மைலும், வாசிக்காதபோது 17.9 மைலும் ஓடினார்கள். பிரித்தானியாவில் இவ்விடயத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கொஸ்டாஸ் கரஜோர்கிஸ் போன்றவர்கள் காட்டும் காரணங்கள் எளிமையானவை. இசை கவனத்தைக் களைப்பிலிருந்து திருப்புகிறது, மனநிலையை உயர்த்துகிறது, தாளத்தோடு அசையும்போது அசைவு சீராகி வீண்செலவு குறைகிறது. ஆனால் உடல் தன் எல்லையை நெருங்கும்போது மூச்சும் வலியும் கவனத்தைப் பறித்துக்கொள்கின்றன. அப்போது களைப்பை மறைக்கும் சக்தி இசைக்குக் குறைந்துவிடுகிறது.

முதலாளிமாரும் இதை அறிந்திருந்தார்கள். 1940 இல், யுத்த காலத்தில், தொழிற்சாலைகளுக்கென்றே நாளுக்கு இருமுறை இசை நிகழ்ச்சியை பிபிசி ஒலிபரப்பத் தொடங்கியது. உற்பத்தியை உயர்த்துவதும் அதன் நோக்கம்.

ஆக, இசை நமக்குப் புதிய பலத்தைத் தருவதில்லை. இருக்கும் பலத்தைத் தடையில்லாமல் செலவழிக்க வைக்கிறது. செலவழிப்பவன் தானாக இருந்தால் அது உற்சாகம். பிறனொருவன் கணக்கில் செலவானால் அது இமாம் சொன்ன ஒட்டகத்தின் கதை. காதில் இயர்போனோடு ஓடும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

இன்னொன்றும் நம் பொறுப்பில் இருக்கிறது. தோட்டத்துப் பாடல்களைத் தொகுக்க ஒரு வேலுப்பிள்ளை இருந்தார். தவளம் சாய்த்த நம் முன்னோர் வழிநெடுகப் பாடியது என்ன, மாட்டை எப்படி அழைத்தார்கள், எந்த ஏற்றத்தில் என்ன சொன்னார்கள் என்று நாம் கேட்டு எழுதினோமா? வெலிமடை, பதுளை, பிபிலைப் பக்கங்களில் மூத்தவாப்பா, மூத்தம்மா இருக்கும் வீடுகளுக்கு மாணவர்களை ஒரு கொப்பியோடு அனுப்பினாலே போதும். அந்த நினைவுகள் மௌத்தாகிப் போகுமுன் செய்யவேண்டிய வேலை அது.

ட்ரம்முக்குப் புதுத்தோல் போட்டாயிற்று. அடிக்கும் மாணவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: "முன்னால போறவனப் பாத்து அடிக்காத மகன். கடைசியா வாற சின்னப்பிள்ளட காலப் பாத்து அடி."