நான்கு அங்குலத் தரை



போன வருடம் தை மாதம் என் தம்பி மகன் பாரீசிலிருந்து கூப்பிட்டான். "பெரியப்பா, மாசியில ஊருக்கு வந்துடறேன். வந்ததும் ஒரு போன் வாங்கிப் போடணும். நம்ப கிடங்குலதான் வைக்கப்போறேன்" என்றான். போனைக் கிடங்கில் வைப்பானேன் என்று விழித்தேன். அவன் சொன்னது பிரெஞ்சுப் 'போன்', அதாவது பாலம். காரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் இயந்திரத்துக்கு அங்கே 'போன் எலெவாத்தேர்' என்று பெயர். தூக்குப் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஒர்க் ஷாப்பில் லிஃப்ட் என்பார்கள். இருபத்தைந்து வருடம் பிரான்சில் மெக்கானிக் வேலை பார்த்தவன், இனிமேல் முத்தியால்பேட்டையில் சொந்த வீட்டிலேயே பழைய வண்டிகளைப் பழுது பார்த்துக்கொண்டு காலம் தள்ளலாம் என்று திட்டம்.

கிடங்கு என்றது எங்கள் தாத்தா கட்டியது. அந்தக் காலத்தில் மல்லாட்டை வியாபாரம். புதுச்சேரித் துறையிலிருந்து மார்சேய்க்கு மல்லாட்டை கப்பல் கப்பலாகப் போன காலம் அது. வியாபாரம் போனபின் சித்தப்பாவின் லாரி அங்கே நின்றது. ஆகவே தரையைப் பற்றி யாருக்கும் சந்தேகமே வரவில்லை. "நாப்பது வருஷம் லாரி நின்ன தரை பெரியப்பா" என்று அவனே சொன்னான்.

இயந்திரத்தோடு வரும் கையேட்டில், கான்கிரீட் குறைந்தது 4 அங்குலக் கனம் இருக்கவேண்டும், 3,000 பி.எஸ்.ஐ. வலு இருக்கவேண்டும், போட்டு 28 நாள் ஆகியிருக்கவேண்டும் என்று போட்டிருந்தது. வீட்டு உபயோகத்துக்கான இரண்டு தூண் லிஃப்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதை ஒட்டித்தான் இருக்கும். அவன் ஓர் ஓரமாகத் துளை போட்டு, கம்பியை விட்டு அளந்தான். சரியாக 4 அங்குலம். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு மட்டும் துளையிலிருந்து வந்த தூள் பிடிக்கவில்லை. முதலில் சாம்பல் நிறம், அப்புறம் ரோஜா நிறம், கடைசியில் வெறும் மணல். நான் பொறியாளன் இல்லை. ஆனால் அரசாங்க உத்தியோகத்தில் பல வருடம் கட்டடக் கோப்புகளைப் புரட்டிய குமாஸ்தா. கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்த்த அறிக்கைகள் என் மேஜையைத் தாண்டித்தான் பில்லுக்குப் போகும். "இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டிப் பார்ப்போம்" என்றேன். அவனுக்கு மனசில்லை. பெரியப்பா சொல்லுக்காக வெட்டினான்.

மேலே ஒரு அங்குலம் சிமெண்டுப் பூச்சு. அது சித்தப்பா காலத்தில் போட்டது. அதற்குக் கீழே மூன்று அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த தளம். அதற்கும் கீழே நம் கடற்கரை ஊர் மணல். அளவுகோல் சொன்ன 4 அங்குலத்தில் கையேடு கேட்ட கான்கிரீட் துளிகூட இல்லை.

சுண்ணாம்புத் தளத்தை இளைஞர்கள் குறைவாக நினைக்கக்கூடாது. கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்த்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். மொட்டைமாடித் தளம் தட்டும்போது அவர்கள் பாடும் பாட்டைச் சிறுவயதில் கேட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி மறுபடி கல்லாக மாறும். அது வருடக்கணக்கில் நடக்கிற வேலை. மூட்டை அடுக்குவதற்கு அதைவிட நல்ல தரை கிடையாது. மூட்டையின் பாரம் தரை முழுக்கப் பரவிக் கீழ்நோக்கி அழுத்தும், அவ்வளவுதான். லாரிச் சக்கரமும் கீழ்நோக்கித்தான் அழுத்தும்.

இந்த இயந்திரம் அப்படிச் செய்வதில்லை. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை பேசவேண்டும்.

மோட்டார் வண்டி வந்த புதிதில் அதன் வயிற்றைப் பார்க்க ஒரே வழி, குழி. பிரெஞ்சில் 'ஃபோஸ்' என்பார்கள். இரண்டு பக்கமும் சக்கரம் நிற்க, மெக்கானிக் நடுவில் உள்ள பள்ளத்தில் இறங்கி வேலை பார்ப்பார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. குழியில் இறங்கித் தேங்கிவிடும். ஒரு பொறி போதும். (நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் குழி கிணறாகிவிடும்.) அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக், முடிதிருத்தும் கடை நாற்காலி எண்ணெய் அழுத்தத்தில் மேலே எழும்புவதைப் பார்த்து யோசித்தாராம். அதே முறையில் காரைத் தூக்கும் லிஃப்டுக்கு 1925-ல் காப்புரிமை வாங்கினார். அந்த லிஃப்டில் உருளை தரைக்குள் ஆழமாகப் புதைந்திருக்கும், ஒற்றைத் தண்டு நடுவிலிருந்து காரைத் தூக்கும். பாரம் நேரே பூமிக்குள் போய்விடும். சுற்றியுள்ள தரை கெட்டியோ இல்லையோ, அதைப் பற்றிப் பெரிய கவலை இல்லை.

பின்னாளில் வந்த இரண்டு தூண் லிஃப்டில் தரைக்குள் எதையும் புதைப்பதில்லை. தூணின் அடித்தட்டைத் தரையில் வைத்து போல்ட்டால் இறுக்குகிறார்கள், அங்கே தரையும் இயந்திரத்தின் ஒரு பாகமாகிவிடுகிறது. ஒன்றரை டன் கார் என்றால் ஒரு தூணுக்கு 750 கிலோ. அந்தப் பாரம் தூணின் மேல் நேராக உட்காராமல், நீட்டிய கைகளின் நுனியில் உட்காருகிறது. அடித்தட்டின் உள் ஓரத்திலிருந்து அது 2 அடி தள்ளி இருக்கிறது, பின்பக்கத்து போல்ட்டுகள் அதே ஓரத்திலிருந்து 1 அடி தள்ளி இருக்கின்றன என்று வையுங்கள். ஏற்றம் இறைத்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அந்தப் போல்ட்டுகளை ஒன்றரை டன் விசை மேல்நோக்கி இழுக்கும். தோராயக் கணக்குதான், ஆனால் திசையைக் கவனியுங்கள். தாத்தாவின் தரை எத்தனையோ வருடம் கீழ்நோக்கிய பாரத்தைச் சுமந்திருக்கிறது. மேல்நோக்கி அதை யாரும் ஒரு நாளும் இழுத்துப் பார்த்ததில்லை. நல்ல கான்கிரீட்டிலேயே போல்ட் பிய்த்துக்கொண்டு வந்தால் புனல் வடிவத்தில் ஒரு கட்டியோடு வரும். கனம் கூடக்கூட அந்தப் புனல் பெரிதாகும், பிடிப்பும் கூடும். செங்கல் ஜல்லியில் பிடிப்பு ஏது? சொத்தைப் பல் மாதிரி வந்துவிடும். அப்போது கீழே நிற்பவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.

இதையெல்லாம் சொன்னதும் அவன் வாதம் செய்யவில்லை. "அப்ப உடைச்சிடலாம் பெரியப்பா" என்றான். முதலில் தூண் நிற்கும் இரண்டு இடத்தை மட்டும் உடைக்கலாமா என்று பேசினோம். பிறகு இரண்டு தூணும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும், ஒன்று இறங்கி ஒன்று நின்றால் வம்பு என்று, அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிட்டோம். ரோஜா நிறக் கட்டிகள் கூடை கூடையாக வெளியே போனபோது எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. ஒரு கட்டியை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது சிமெண்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அது ஒரு பாலத்தில் தொடங்கிய கதை. பிரான்சில் சுய்யாக் என்ற ஊரில் தோர்தோஞ் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்ட லூயி விக்கா என்ற இளம் பொறியாளரை 1812-ல் அனுப்பினார்கள். நெப்போலியன் சண்டை நடந்த சமயம். பணம் வரவில்லை, வேலை நின்றுவிட்டது. நம் ஆளாக இருந்தால் மாற்றல் கேட்டு மனு போட்டிருப்பார். விக்கா காத்திருந்த வருடங்களில் சுண்ணாம்பை ஆராய்ந்தார். சில ஊர்ச் சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளேயே இறுகுகிறது, சில ஊருடையது இறுகவே மாட்டேன் என்கிறது, ஏன்? சுண்ணாம்புக் கல்லோடு களிமண் சேர்ந்து வேகும்போதுதான் அந்தக் குணம் வருகிறது என்று கண்டுபிடித்து 1818-ல் எழுதி வெளியிட்டார். காப்புரிமை வாங்கிப் பணம் பண்ணவில்லை. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்கு உரிமை வாங்கினார். பெயர் அவருக்குப் போயிற்று. ஆனாலும் சிமெண்டு எவ்வளவு நேரத்தில் இறுகுகிறது என்று பார்க்கும் ஊசிக்கு இன்றைக்கும் விக்கா பெயர்தான். எங்கள் அலுவலகத்துக்கு வந்த அறிக்கைகளில் அதை எல்லோரும் 'விகாட்' என்று ஆங்கிலமாகப் படிப்பார்கள். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். கடைசி எழுத்தை ஒலிக்கக்கூடாது என்று திருத்தித் திருத்தி ஓய்ந்தேன்.

கம்பி சேர்ந்த கதையும் பிரெஞ்சுக்காரர்களுடையதுதான். தோட்டக்காரர் ஜோசப் மோனியே பூந்தொட்டிகள் உடையாமலிருக்க உள்ளே இரும்புக் கம்பி வைத்து 1867-ல் காப்புரிமை வாங்கினார். 1892-ல் பிரான்சுவா என்பீக் அதைக் கட்டடம் தாங்கும் முறையாக்கினார். 'பெத்தோன் அர்மே', அதாவது ஆயுதம் தரித்த கான்கிரீட். நம் ஊரில் அதைப் பார்க்க விரும்பினால் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வரைந்து 1937-ல் வேலை தொடங்கியது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி நன்கொடையாகக் கொடுத்த பணம், அதனால் அந்தப் பெயர்.

மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஜல்லி பரப்பி, பாலித்தீன் விரித்து, 8 மில்லிமீட்டர் கம்பியை அரை அடிக்கு ஒன்றாகக் கட்டினோம். கனம் 6 அங்குலம், எம் 25 கலவை. மணல் விஷயத்தில் நான் கெடுபிடியாக இருந்தேன். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கம்பியை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்பதால் குழாய்த் தண்ணீரைத்தான் பிடித்து வைத்தோம்.

கலவை போட்ட அன்று மேஸ்திரியோடு ஒரு சின்ன மனஸ்தாபம். கலவை இறுக்கமாக இருக்கிறது, இழுக்க வரவில்லை என்று ஒரு வாளி தண்ணீரை எடுத்துவிட்டார். "மேஸ்திரி, அந்த வாளியைக் கீழே வையுங்க" என்று கத்தினேன். கத்துகிற வயசா எனக்கு? சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் 1918-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்ற விகிதம்தான் வலுவைத் தீர்மானிக்கிறது, கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு வாளியும் வலுவைக் குறைக்கிறது. கையேடு கேட்கும் வலு ஒரு வாளியில் போய்விடும், மேலே பார்த்தால் வழவழவென்று அழகாகவே இருக்கும். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வைப்ரேட்டரைப் போட்டு இறக்கினார். சாயங்காலம் அவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் காத்திருப்பு. மூன்றாம் நாளே நடந்து பார்த்துவிட்டு, "காஞ்சிடுச்சு பெரியப்பா, தூணை நிறுத்திடலாமா?" என்றான். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரைக் குடித்துக் கெட்டியாகிறது. காய்ந்துவிட்டால் வளர்ச்சி நின்றுவிடும். நடுச் சித்திரை வெயிலில் சாக்கு போட்டு, நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றினோம். ஏழு நாளில் மூன்றில் இரண்டு பங்கு வலு வரும். மீதிக்குத்தான் நான்கு வாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். (திங்கட்கிழமை போட்ட கட்டியைத் திங்கட்கிழமையே உடைத்துப் பார்க்கலாம், ஞாயிறு லீவு குறுக்கே வராது. குமாஸ்தாவுக்கு இதன் அருமை தெரியும்.) ஏழாம் நாள் அறிக்கையை வைத்துக்கொண்டு பில்லைப் பாஸ் பண்ணச் சொல்லி என் மேஜைக்கு முன்னால் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த முறை நின்றது என் சொந்தத் தம்பி மகன், அவ்வளவுதான் வித்தியாசம். அவனிடம் காலண்டரைக் காட்டினேன்.

இருபத்தொன்பதாம் நாள் துளை போட்டான். ஓரத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தூளை ஊதி ஊதி வெளியேற்றி, போல்ட்டை அடித்து, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கினான். துளையிலிருந்து அடி வரைக்கும் ஒரே சாம்பல் நிறத் தூள்தான் வந்தது. முதலில் வண்டியை ஓரடி மட்டும் தூக்கி ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் தூணின் அடித்தட்டைச் சுற்றி மயிரிழை விரிசல்கூட இல்லை. போல்ட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்தான், ஒன்றும் நகரவில்லை. பிறகுதான் முழு உயரத்துக்கு ஏற்றினான்.

"பெரியப்பா, கீழ வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். போனேன். சித்தப்பாவின் பழைய பியட்டின் வயிற்றை அன்றைக்குத்தான் முதல்முதலாக நிமிர்ந்து நின்று பார்த்தேன். முழுக்கத் துரு.