திரட்டும் ஒலி

ஒலி பரவும் இயல்புடையது. இதனை அறியாதார் இலர். கோயில் மணியின் ஓசை ஊரெங்கும் பரவுகிறது. துறையில் கப்பல் எழுப்பும் சங்கொலி மலைச்சரிவில் உள்ள வீடுகள் வரை எட்டுகிறது. பரவுவதையே இயல்பாகக் கொண்ட அவ்வொலி, சிதறிக் கிடக்கும் நுண்பொருள்களை ஓரிடத்தில் திரட்டவும் வல்லது என்பதை நம்மில் பலர் அறியோம். ஓடும் நீர்மத்தில் கலந்து செல்லும் மிக நுண்ணிய துகள்களை ஒலியலையால் ஒரே வரிசையில் ஒதுக்கி, அவற்றை எண்ணவும் ஆராயவும் இன்று இயலும். இவ்வறிவு வளர்ந்த வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவில் வாழும் நமக்கு இதனால் என்ன பயன் என்று அன்பர்கள் வினவலாம். 1969-ஆம் ஆண்டு முதல் கடல் கடந்து வந்து, காடு திருத்திக் கழனி கண்ட முன்னாள் படைவீரர் குடும்பங்களால் அமைந்தது நம் கேம்பல் பே. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேர் நகரம் இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நோய் வந்துற்றபோது அத்தொலைவின் பொருளை நாம் நன்கு உணர்வோம். பெருங்கருவிகள் உள்ள இடத்திற்கு நோயாளியோ அவருடைய குருதியோ செல்ல வேண்டும். கடலும் வானும் அதற்கு இசைய வேண்டும். கருவியே சிறியதாகி நோயாளி இருக்கும் இடத்திற்கு வருமாயின், அதனினும் பெரிய நன்மை வேறென்ன? அத்தகைய கருவிக்கு வழிகாட்டும் அறிவுகளுள் ஒன்றே ஈண்டு நாம் காணப்போவது.

மணலும் தூளும்

1787-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் கிளாட்னி என்பவர், உலோகத் தகட்டின்மீது மணல் தூவி, அதன் விளிம்பை வில்லால் மீட்டிய சோதனைகளை நூலாக வெளியிட்டார். அதிரும் இடங்களை விட்டு மணல் விலகி, அதிராத கோடுகளில் கோலம் போலத் திரண்டது. திருவானைக்காவில் பிறந்த நம் சர் சி. வி. இராமன், மிருதங்கத் தோலின் அதிர்வுகளை ஆராய்ந்தபோதும் இவ்வாறே மணல் தூவிப் பார்த்தார். அவ்வாய்வு 1934-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

1866-ஆம் ஆண்டில் குண்ட் என்பார் கண்ணாடிக் குழாயினுள் மெல்லிய தூளை இட்டு ஒலியெழுப்பினார். தூள் சம இடைவெளியில் சிறு சிறு குவியல்களாக ஒதுங்கியது. குவியல்களின் இடைவெளியை அளந்து, ஒலி காற்றில் செல்லும் வேகத்தை அவர் கணித்தார். 1874-ஆம் ஆண்டில் அவரும் லேமன் என்பவரும் நீர்மம் நிறைந்த குழாய்களிலும் இத்தகைய வடிவங்கள் தோன்றுவதைக் காட்டினர். அவர்கள் தேடியது ஒலியின் வேகத்தையே. குருதியையோ நோயையோ அவர்கள் நினைத்தாரல்லர்.

நிலையலை என்பது யாது? கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையை உரிய வேகத்தில் அசைத்துப் பாருங்கள். செல்லும் அலையும் திரும்பும் அலையும் கூடி, சில இடங்கள் மிகுதியாக ஆடும். சில இடங்கள் ஆடாது நிற்கும். நீர்மத்தில் ஒலியலை இவ்வாறு எதிரொலித்துக் கூடும்போது, அழுத்தம் ஏறி இறங்கும் இடங்களும், அழுத்தம் மாறாத இடங்களும் அமையும். மாறாத இடத்தை அழுத்தக் கணு என்பர். தகட்டின்மேல் மணல் ஒதுங்கும் காரணமும் நீர்மத்தில் துகள் ஒதுங்கும் காரணமும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும் இரண்டிலும் அதிர்வே துகளுக்கு இடம் வகுக்கின்றது.

செவிக்கு எட்டாத ஒலி

நாம் கேட்கும் ஒலியின் அலை மிக நீளமானது. நுண்துகள்களை நுட்பமாக ஒதுக்க அலை குறுகியதாதல் வேண்டும். அதற்கு நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் மீயொலி தேவை. 1880-ஆம் ஆண்டில் கியூரி உடன்பிறந்தார் இருவர், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுவதைக் கண்டறிந்தனர். மின்சாரம் கொடுத்தால் படிகம் அதிரும் என்பதும் விரைவில் தெளிவாயிற்று. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய முயன்ற பிரெஞ்சு அறிஞர் லாங்கெவின், 1917-ஆம் ஆண்டளவில் படிகத்தால் நீரினுள் மீயொலி எழுப்பினார். 1927-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உட், லூமிஸ் என்னும் இருவர், வலிய மீயொலி நீர்மங்களிலும் உயிர்ப்பொருள்களிலும் விளைக்கும் மாறுதல்களை விரிவாக வெளியிட்டனர்.

மீயொலி செல்லும் நீர்மத்தின் ஊடே ஒளியைச் செலுத்தினால் அது பல கதிர்களாகப் பிரிகின்றது. ஏன் அவ்வாறு பிரிகின்றது என்பதற்கு 1935, 1936-ஆம் ஆண்டுகளில் விளக்கம் தந்தவர்கள் பெங்களூரிலிருந்த இராமனும் அவருடன் ஆய்வு செய்த நாகேந்திர நாத்தும் ஆவர். இராமன்–நாத் கோட்பாடு என்று உலகம் அதனை இன்றும் போற்றுகின்றது.

ஒலி ஒரு துகளைத் தள்ளும் விசை எவ்வளவு என்னும் கணக்கை 1934-ஆம் ஆண்டில் கனடா நாட்டில் பணியாற்றிய கிங் என்பவர் கடினமான உருண்டைக்கு வகுத்தார். அழுத்தினால் சுருங்கும் உருண்டைக்கு 1955-ஆம் ஆண்டில் சப்பானியர் இருவரும், பொதுவான எளிய வடிவில் 1962-ஆம் ஆண்டில் உருசிய அறிஞர் கோர்க்கோவும் வகுத்தனர். இக்கணக்குகளின் சாரத்தை நம் வீட்டு முறத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தாய்மார் அரிசி புடைக்கும்போது, ஒரே அசைவில் அரிசி ஒரு பக்கமும் உமி ஒரு பக்கமும் ஒதுங்குகின்றன. அசைவு ஒன்றே, பொருளின் தன்மையே வேறு. ஒலியிலும் அவ்வாறே. சுற்றியுள்ள நீர்மத்தைவிட அடர்த்தி மிக்கதும் எளிதில் சுருங்காததுமான துகள் அழுத்தக் கணுவை நாடும். கொழுப்புத் துளி போன்ற இலேசான பொருள் அதற்கு எதிரான இடத்தை நாடும்.

குருதியில் கண்ட காட்சி

1971-ஆம் ஆண்டில் மேரி டைசன் என்னும் ஆங்கிலேய அறிஞரும் அவருடன் பணிபுரிந்தோரும், கோழிக் கருவின் குருதிக் குழாய்களில் மீயொலியைச் செலுத்தினர். ஓடிக்கொண்டிருந்த சிவப்பணுக்கள் பட்டை பட்டையாக நின்றுவிட்டன. பட்டைகளின் இடைவெளி அலைநீளத்தில் பாதி. மருத்துவத்தில் மீயொலியைப் பயன்படுத்துவதில் தீங்குண்டோ என்ற கவலையை அது எழுப்பியது. ஆயினும் தீங்கென அஞ்சிய அதே செயலை உடலுக்கு வெளியே கருவியினுள் நிகழ்த்தினால் நன்மையாகும் என்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

இங்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். நொடிக்கு 20 இலட்சம் முறை அதிரும் மீயொலியின் அலைநீளம் முக்கால் மில்லிமீட்டர். அதில் பாதி 0.375 மில்லிமீட்டர். அவ்வளவு அகலமுள்ள வாய்க்காலைச் சிலிக்கன் தகட்டில் செதுக்கினால், அழுத்தக் கணு வாய்க்காலின் நடுவே நேர்கோடாக அமையும். குருதி அணுக்கள் ஓடும்போதே நடுக்கோட்டிற்கு வந்துவிடும். வாய்க்காலின் முடிவில் மூன்று கிளைகள் வைத்தால், நடுக்கிளையில் அணுக்களும் ஓரக்கிளைகளில் தெளிந்த நீர்மமும் வெளிவரும். சுவீடன் நாட்டு இலுண்ட் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாரெல் குழுவினர், 2004-ஆம் ஆண்டளவில் இம்முறையால் இதய அறுவையின்போது சேகரிக்கும் குருதியிலிருந்து கொழுப்புத் துளிகளைப் பிரித்துக் காட்டினர். அணுக்கள் நடுவே சென்றன. கொழுப்பு ஓரம் சென்றது. முறத்தின் வேலையை ஒலி செய்தது.

அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னே ஓடச் செய்து எண்ணும் கருவிகள் முன்னரே இருந்தன. அணுக்களை வரிசைப்படுத்த அவை மற்றொரு நீர்மத்தைச் சுற்றிலும் விரைந்து ஓடவிடும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தினர் 2006-ஆம் ஆண்டில் அவ்வேலையை ஒலிக்குக் கொடுத்துக் காட்டினர். சுற்றி ஓடும் நீர்மத்தின் தேவை குறைந்தது. அணுக்கள் ஒளியின் முன் நிதானமாகச் செல்லவும் வழி பிறந்தது. ஒலியால் வரிசைப்படுத்தும் கருவிகள் அடுத்த சில ஆண்டுகளிலேயே விற்பனைக்கும் வந்தன.

இத்துறையில் தமிழகமும் பின்தங்கவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ஏ. கே. சென்னும் எஸ். கார்த்திக்கும், குருதியிலிருந்து பிளாஸ்மா நீர்மத்தை ஒலியால் பிரிக்கும் கருவியைப் பற்றி 2018-ஆம் ஆண்டில் எழுதினர். குருதியில் உலவும் புற்றணுக்களை, அவற்றின் பருமனைக் கருதாது ஒலித்தன்மையின் வேறுபாட்டால் பிரிக்கும் முறையையும் அவ்வாண்டிலேயே அக்கழகத்தினர் வெளியிட்டனர்.

எல்லையும் நம்பிக்கையும்

குறைகளையும் கூறுதல் முறை. துகளின் ஆரம் பாதியானால் ஒலியின் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். நீர்மத்தின் தடையோ பாதிதான் குறையும். ஆகவே குருதி அணுக்களுக்கு இணங்கும் ஒலி, நோய்க்கிருமிகளுக்கு எளிதில் இணங்காது. குருதியில் அணுக்கள் நெருங்கியிருப்பதால் பெரும்பாலும் அதனை நீர்க்கச் செய்தே வாய்க்காலில் விட வேண்டும். படிகத்தின் வெப்பமும் கட்டுக்குள் இருத்தல் வேண்டும். சிற்றூர் மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இக்கருவி நாளையே வந்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். எனினும் சுழலும் உறுப்பு ஏதுமின்றி, உள்ளங்கையில் அடங்கும் தகட்டில் இவ்வேலை நடைபெறுகிறது என்பது நம்போன்ற தீவினர்க்கு நம்பிக்கை தரும் செய்தியே.

தகட்டில் மணல் தூவியவரும் குழாயில் தூளிட்டவரும் தம் உழைப்பு எங்குச் சென்று சேரும் என்று அறிந்திலர். ஆயினும் கண்டதைச் செம்மையாகக் குறித்து வைத்தனர். அதனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தோர் அதனைப் பயன்கொண்டனர். நம் பிள்ளைகள் பள்ளியில் நிலையலை பற்றிப் படிக்கும்போது, தேர்வுக்கு மட்டும் உரிய பாடமென எண்ணாதிருக்கட்டும். மருத்துவமனையில் காத்திருக்கும் ஒரு தாயின் கவலையைக் குறைக்கும் கருவி அப்பாடத்திலிருந்தே பிறக்கக்கூடும். அதனை ஆக்கும் கைகள் நம் தீவின் கைகளாகவும் இருக்கட்டும்.

பல ஊர்களிலிருந்து வந்து சிதறி வாழும் நம்மைத் தமிழ் என்னும் ஒலி இச்சங்கத்தில் திரட்டியுள்ளது. திரண்டவர் பயனுற வாழ்க!