‘வேண்டாம்’ என்ற கம்பெனியே வாங்கிய கதை!

தொப்பூர்க்காரத் தம்பி ஒருவர் தன் ஒன்லைனைச் சொன்னார். கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி. ஸ்டியரிங்கில் அப்பா. முன்னால் போகிற பஸ்ஸில் அவருடைய மகள்.

‘‘நல்லாத்தான் இருக்கு. ஆனா, இது சம்பவம். அப்பா என்ன முடிவெடுக்கிறார்? அங்கேதானே கதை ஆரம்பிக்குது!’’ என்றேன். முகம் வாடிவிட்டது. ஏற்கெனவே ஒரு கம்பெனியில் ‘வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார்களாம். ‘‘ஊருக்கே திரும்பிடலாமான்னு இருக்கு சார்...’’

டைரக்டர் ஸ்ரீதருக்கும் முதலில் கிடைத்தது அதே ‘வேண்டாம்’தான்!

1933-ல் பிறந்தவர் ஸ்ரீதர். இருபது வயசைத் தொட்ட நேரத்தில் ‘ரத்தபாசம்’ என்று ஒரு கதையை எழுதிவிட்டார். பிரிந்துபோன அண்ணன் - தம்பி விவகாரம். நேராக ஏவி.எம்.முக்கு எடுத்துப் போனார். ஏற்கவில்லை.

பையன் துவண்டுவிடவில்லை. கதவை மாற்றினார். அடுத்து அவர் போனது டி.கே.சண்முகத்திடம். சின்ன வயசிலிருந்து மேடையிலேயே வளர்ந்த மனுஷர். எந்த இடத்தில் ஜனங்கள் கண்ணைத் துடைப்பார்கள், எங்கே எழுந்து வெளியே போவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கதை பிடித்துப்போக, நாடகமாகவே போட்டார். கைதட்டல்! 1954-ல் அதுவே சினிமாவும் ஆனது. சண்முகமும் அவர் சகோதரர் பகவதியும் நடித்தார்கள்.

வேடிக்கை இனிமேல்தான். 1956-ல் அதே கதை இந்தியில் ‘பாயி பாயி’ என்று வந்தது. அசோக்குமார், கிஷோர்குமார் நடித்த படம். தயாரிப்பு? சாட்சாத் ஏவி.எம்.!

இதற்காக மெய்யப்பச் செட்டியாரை மட்டம் தட்ட வேண்டியதில்லை. ‘நாம் இருவர்’ (1947), ‘பராசக்தி’ (1952) இரண்டுமே நாடகத்திலிருந்து அவர் எடுத்த படங்கள்தான். ஜனங்கள் முன்னால் ஒருமுறை ஓடி ஜெயித்த கதைக்கு அவரிடம் தனி மரியாதை உண்டு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காகிதத்தில் வந்த ‘ரத்தபாசம்’ வேறு, மேடையும் திரையும் ஏறி வந்த ‘ரத்தபாசம்’ வேறு!

அதற்கப்புறம் ஸ்ரீதரின் கதைகளைப் பாருங்கள். அக்காவும் தங்கையும் ஒரே ஆளை விரும்புகிறார்கள்... ‘கல்யாண பரிசு’ (1959). பழைய காதலியின் புருஷனுக்கே ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர்... ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962). கேட்ட மாத்திரத்தில், ‘ஐயோ, அப்புறம்?’ என்று கேட்க வைக்கிற ஒற்றை வரிகள். இரண்டாவதை, ஒரே ஆஸ்பத்திரி செட் போட்டு, ஒரு மாசத்துக்குள் எடுத்து முடித்துவிட்டார் மனுஷர்!