எரிக் புரோமும் கண்டிக் காட்டுத் துறவியும்

தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகெலே வனத்திலே ஜேர்மானியப் பிக்கு ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தார். அவருடைய எழுத்துக்களை ஊன்றிக் கற்றோருள் சமூக விமர்சகரான எரிக் புரோமும் ஒருவர். மார்க்சைத் தம் ஆசான்களுள் ஒருவராகக் கொண்ட அச்சிந்தனையாளர் ஒரு துறவியிடம் எதைக் கண்டார்?

இருவரும் ஏறத்தாழ ஓரூரவரே. புரோம் 1900இல் பிராங்பேட்டிலும், பின்னர் ஞானபோனிக தேரர் எனப்பட்ட சீக்மண்ட் பெனிகர் 1901இல் அதற்கு அண்மையிலுள்ள ஹனாவிலும் யூதக் குடும்பங்களிற் பிறந்தனர். இட்லரின் ஆட்சி எழுந்தபின் புரோம் 1934இல் அமெரிக்கா சென்றார்; பெனிகர் 1936இல் இலங்கை வந்து தொடந்துவைத் தீவு மடத்தில் துறவு பூண்டார். 1939இல் போர் மூண்டதும், இட்லரிடமிருந்து தப்பிவந்த இவ்யூதரைப் பிரித்தானியர் ஜேர்மானியப் பகைவர் எனத் தியத்தலாவையில் அடைத்தனர். பின்னர் தேராதூனுக்கு அனுப்பினர். அரசுகள் மனிதருக்குச் சூட்டும் பெயர்கள் இத்தகையனவே. 1946 வரை நீடித்த அச்சிறைவாழ்விலும் அவர் பாளி நூல்களை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். 1958இல் கண்டியிற் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தை நண்பர் இருவருடன் நிறுவினார்.

சுதந்திரத்தின் தனிமையைத் தாங்கமாட்டாத மனிதர் சர்வாதிகாரியிடம் சரணடைகின்றனர் என்பது 1941இல் புரோம் வெளியிட்ட நூலின் துணிபு. ஆகவே, அதிகாரத்துக்குப் பணியச் சொல்லும் சமயத்தையும் மனித ஆற்றலை வளர்க்கும் சமயத்தையும் அவர் வேறுபடுத்தினார். ஆதிபௌத்தத்தைப் பின்னதன் சான்றாகக் கொண்டார். தேரர் 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தியான நூல் அக்கருத்துக்கு இயைந்தது. உடலையும் உணர்ச்சியையும் மனத்தையும் உள்ளவாறே கவனிக்கும் பயிற்சியையே அது வற்புறுத்துகின்றது. 1976இல் தேரரின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் மலரிற் புரோம் அவரது முக்கியத்துவம் பற்றி எழுதினார்.

எனினும் இருவரும் ஒன்றையே கூறினர் எனல் பொருந்தாது. பேராசை, பகைமை, மயக்கம் ஆகியவற்றைத் தேரர் மனத்தின் வேர்களாக ஆராய்ந்தார். மணிமேகலை கற்ற நம் மாணவருக்கு இம்மூன்றும் புதியனவல்ல. புரோமோ, பேராசையை நாள்தோறும் பெருக்கியே இயங்கும் பொருளாதாரத்தையும் உடன்வைத்து நோக்கினார். உடைமை வேட்கையை ஆராயும் தமது 1976ஆம் ஆண்டு நூலிற் புத்தரையும் மார்க்சையும் அருகருகே நிறுத்தினார். தோட்டத் தொழிலாளரின் உழைப்பிலே செல்வம் குவிந்த கண்டிச் சீமையில், தனிமனிதத் தியானம் மட்டும் போதுமென்பது கடினமே. ஆயின், உள்ளத்து வேட்கை ஆராயப்படாதவிடத்து உடைமை கைமாறியும் ஆதிக்கம் நீடிக்கலாம் என்பதைப் புரோம் சோவியத் அமைப்பைக் கண்டித்தபோதே உணர்ந்திருந்தார். அவர் காட்டுத் துறவியை நாடியது இதனாலேயே எனலாம்.